தீர்மானம் எண் பதினான்கு

உள்ளாட்சி நாள். மழை விடவில்லை.
கூட்டத்துக்குக் குறைவெண் நூறு,
வந்திருந்தது தொண்ணூற்றேழு.
இன்னும் மூன்று பேருக்காக
ஒரு மலை காத்திருந்தது.

நான் ஊராட்சிச் செயலர்.
மேலூர் தாண்டிப் பதினோரு கிலோமீட்டர்,
சமுதாயக் கூடத்தில் ஒழுகாத மூலையில்
நடவடிக்கைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.
பொருள் ஒன்று, தெருவிளக்கு.
பொருள் இரண்டு, மேல்நிலைத் தொட்டி கழுவுதல்.
பதினான்காவதாகத்தான் குறட்டிப்பாறை.

கிராமக் கணக்கில் அதற்கு அந்தப் பெயரே கிடையாது.
புல எண் இருநூற்றுப் பதினொன்று, உட்பிரிவு ஏழு,
தீர்வை ஏற்படாத தரிசு.
தரிசாம்.
ஆடுகள் ஆவணி முழுக்க எதைத் தின்றன என்று
பதிவேட்டுக்கு யாரும் சொல்லவில்லை.
தெற்குச் சரிவில் இறங்கும் தண்ணீரை நம்பி
மூன்று கண்மாய்கள் இருப்பதையும்.

தொல்லியல் துறையின் நீலப் பலகை ஒன்று உண்டு.
துரு 'பாதுகாக்கப்பட்ட' என்பதைத் தின்றுவிட்டு
'சின்னம்' என்பதை விட்டுவைத்திருக்கிறது.
பலகை குகையைக் காக்கிறது.
குகையைச் சுமக்கும் பாறையைக் காக்க
எந்தப் பலகையும் இல்லை.
போன மாதம் நாடாவோடு வந்தவர்கள்
குகை வாசலிலிருந்து முந்நூறு மீட்டர் அளந்து
அதற்கப்பால் வெள்ளைப் பெயின்ட்டில் எண் போட்டார்கள்.
ஒழுங்கானவர்கள்.
ஒரு சாண்கூட மீறவில்லை.

தலைவர் அடைக்கம்மை மைக்கைத் தட்டினார், அது கீச்சிட்டது.
மைக்கை வைத்துவிட்டுத் தன் குரலிலேயே வாசித்தார்:
கல் குவாரிக்கு இந்த ஊராட்சி ஆட்சேபம் தெரிவிக்கிறது.

வல்லடியான் எழுந்தான்.
"வேணாங்கிறீக, சரி.
ஆறு வருசம் திருப்பூர்ல கெடந்துட்டு வந்திருக்கேன்.
குவாரி வந்தா லாரியாச்சும் ஓட்டுவேன்ல?
சமணர் படுத்த கல்லுலயா
எம்புள்ளைக்குச் சோத்தப் போடுறது?"

யாரும் வாய் திறக்கவில்லை.
தகரத்தில் மழை மட்டும் பேசியது.
தலைவர் என்னைப் பார்த்தார், நான் பேனாவைப் பார்த்தேன்.
கேள்விகளைப் பதியச் சொல்லி விதி எதுவும் இல்லை.
பதிந்தேன்.

அப்போதுதான் அந்த மூன்று பேர் வந்தார்கள்.
செகப்பி, நாச்சம்மை, முளைப்பாரிக்காரர் வீட்டு மருமகள்.
தலையில் யூரியா சாக்கு, முழங்கால்வரை சேறு.
"எங்கத்தா போனீக இவ்வளவு நேரம்?"
"வெறகுக்குப் போனோம். மழை புடிச்சிருச்சு.
படுகையில ஒதுங்கிக் கெடந்தோம்.
வெளிய அப்பிடி ஊத்துது,
உள்ள ஒரு சொட்டு விழல."

விழாது.
குகையின் நெற்றியில் விரல் ஆழத்துக்கு ஒரு காடி ஓடுகிறது.
மேலே வழிந்து வரும் நீர்
அங்கே தடுக்கி வெளியே விழும்.
வெட்டியவன் பெயர் இல்லை.
அதன் கீழே எழுத்து ஒரு வரி இருக்கிறது,
முன்பாதி பொரிந்து உதிர்ந்த வரி.
மிச்சத்தைப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்:
'...ஊரார் கொடுத்த பள்ளி.'
எந்த ஊரார் என்பது உதிர்ந்த பாதியில் இருந்தது.
அவர்களும் எங்கோ கூடித்தான் இருக்க வேண்டும்.
அவர்களுக்கும் மூன்று பேர் குறைந்திருக்கலாம்.
கொடுத்தோம் என்று அவர்கள் வெட்டியதன் கீழே
கொடுக்கமாட்டோம் என்று
நான் பந்துமுனைப் பேனாவால் எழுதினேன்.

மைப்பெட்டி காய்ந்திருந்தது.
கூரை ஒழுகிய வாளியில் விரலை நனைத்துப்
பெட்டியில் தடவி, நாற்பத்தொரு கைநாட்டு.
மற்றவை கையெழுத்து.
கடைசி ஆளாக வல்லடியான் வந்தான்.
வெகுநேரம் பக்கத்தைப் பார்த்தான்.
கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே,
கட்டத்தைத் தாண்டி எழுதினான்:
'வேலை பத்தி அடுத்த கூட்டத்துல பேசணும்.'
புத்தகத்தில் தலைவரும் செயலரும் தவிர யாரும் எழுதக் கூடாது.
அடிக்கவில்லை நான்.

பதிவுத் தபாலுக்குத் தை மாதம் பதில் வந்தது:
பரிசீலனையில் உள்ளது.
கோப்பில் சேர்த்தேன்.
பாறையில் எண் அப்படியே வெள்ளையாக இருக்கிறது.
குடியரசு நாள் கூட்டத்துக்கு
நிகழ்ச்சி நிரல் எழுத உட்கார்ந்தேன்.
தெருவிளக்கைக் கீழே தள்ளிவிட்டு
முதல் பொருளாக எழுதினேன்:
வேலை.