பூனையை விடுங்கோ

முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் புது டொக்டர்
முதுகில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு
மூன்று மாதத் தமிழில் சொன்னார்:
"பூனையை விடுங்கோ."

விட்டேன்.
வீட்டுக்குள்.

அவர் சொன்னது வேறு என்று எனக்கும் தெரியும்,
தவறஞ்சினிக்கும் தெரியும்.
ஒட்டுசுட்டானில் நெல்மூட்டை அடுக்கிய வீட்டில்
பூனை இல்லாவிட்டால் எலி,
எலிக்குப் பின்னாலேயே புடையன்.
தும்மலுக்குக் குளிசை இருக்கு என்றாள் அவள்,
புடையனுக்கு இரவிலே வாகனம் தேட வேணும்.

அது முழு உண்மையில்லை.
மழைக்குள் தகரத்தடியில் கிடந்ததை
ஒரு லீற்றர் போத்தல் அளவில்
சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தவன் நான்தான்.
பெயரும் லீற்றர்.
இப்போது மூன்று லீற்றர் இருக்கும்.

முடியால் வருவதில்லையாம் இந்த வருத்தம்.
நாள் முழுக்கத் தன்னை நக்கி நக்கித்
துப்புரவாய் வைத்திருக்கிறதே,
அந்த எச்சில் காய்ந்து தூளாகி மிதப்பதாம்.
அதன் சுத்தம்தான் என் மூக்குக்கு ஆகாது.
இதற்கு யாரோடு கோபிப்பது?

படுக்கையறை அதற்கில்லை.
நிலைப்படியில் கோடு எதுவும் கீறவில்லை,
கோடுகளோடு நிறையக் காலம் இருந்துவிட்டோம்.
ஆனாலும் வந்து
முன்கால் இரண்டையும் ஒட்டி வைத்து
அங்கேயே நிற்கும்,
பாஸ் எடுக்க வந்த ஆள் மாதிரி.

ஞாயிறு விரிப்பெல்லாம் கொதிதண்ணியில்.
தும்புத்தடியை மூலையில் சாத்தியாச்சு,
ஈரத் துணிதான்.
தடவின கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக்கூடாது,
இதை மட்டும் இன்னும் மறந்துபோகிறேன்.
சேர்ட் பொக்கற்றில் நீலப் பம்ப்.
பிளாஸ்ரிக் கதிரை ஒன்று முழுசாய் அதற்கே,
விருந்தாட்கள் வந்தாலும் எழும்பாது.

நான் தும்மத் தொடங்கினால்
தவறஞ்சினி குசினிக்குள் இருந்து எண்ணுவாள்:
நூறு. இருநூறு. முந்நூறு.
சூடடிக்கிற மாசியில் ஒரு விடியலில்
ஆயிரத்து நானூறு வயதுவரை போயிருக்கிறேன்.
தும்மல் கூடாத சகுனம்.
பூனை குறுக்கே போவதும் கூடாத சகுனம்.
இரண்டையும் முடித்துக்கொண்டுதான்
தினமும் ஏழேகால் பஸ்ஸுக்குப் போகிறேன்.
ஒருநாள்தான் தவறியது.
அன்றைக்கு பஸ்ஸே வரவில்லை.

கார்த்திகை அடைமழை. கரண்ட் இல்லை.
முகக்கவசத்தோடு விறாந்தையில் நான்,
நாலடி தள்ளி அதன் கதிரையில் அது.
என் நெஞ்சு கீச்சிடுகிறது,
அதன் தொண்டை உறுமுகிறது.
விளக்கோடு வந்தவள் கொஞ்சம் நின்று கேட்டாள்,
"இதில எது நீங்கள்?"

முதல் மாதங்களில்
நான் தும்மினால் கூரைமட்டும் எகிறி
வேலி தாண்டி ஓடும்.
பின்னேரம்தான் திரும்பி வரும்,
ஏதோ நான் அடித்துவிட்ட மாதிரி.

இப்போது தும்மினேன்.
ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது.
பிறகு அதுவும்
தன் பாட்டுக்கு மழைப்பக்கம் போய்விட்டது.