உலர்த்தி எண் நான்கு

இந்தப் பட்டணத்தில் யார் எதை எரித்துப் பிழைக்கிறார்கள் என்று
துணியை மோந்தாலே சொல்லிவிடுவேன்.
பஸ் நிலையத்துக்கு எதிரே,
நாசி கண்டார் கடைக்கும் அடகுக்கடைக்கும் நடுவில்
ஆறு சலவை எந்திரம், நான்கு உலர்த்தி.
அரைமணிக்கு நாலு வெள்ளி.
நான்காம் எண்ணைச் சீனர்கள் தொடமாட்டார்கள்.
அதனால் எஸ்டேட் ஆட்களுக்கு அது எப்போதும் காலி.

அழகுவேலு எண்ணெய் ஆலையில் கொதிகலன் காக்கிறவர்.
செம்பனை நாரும் கொட்டை ஓடும்தான் அங்கே விறகு.
காய்க்கக் காய்க்க எரிக்கலாம்,
தீரவே தீராது என்பார்.
உண்மைதான்.
அவர் சட்டையில் ஏறும் கரியும்
தீரவே தீராது.
மூன்று முறை போட்டாலும்
காலர் மடிப்பில் ஒரு கோடு நிற்கும்.

கோமளவல்லியின் சீருடையில் வெறும் செம்மண்.
இருநூறு ஏக்கர் செம்பனையைச் சாய்த்துவிட்டுப் போன வருஷம்
கண்ணாடிப் பலகை நட்டார்கள்.
அவற்றைக் கழுவுவது அவள் வேலை.
புகை இல்லை, சத்தம் இல்லை.
"நிழலும் இல்லக்கா" என்றாள்,
பின்கழுத்தில் தோலுரிந்த இடத்தைக் காட்டி.
பலகைக்கு அடியில் இருக்கிறதே என்றேன்.
"அங்க பாம்பு படுத்திருக்கு. நமக்கு முந்தியே புக் பண்ணிடுச்சு லா."

குலை வெட்ட எழுபது பேர் இருந்த இடம்.
பலகை கழுவப் பதினொரு பேர் போதும்.
சுத்தமான வெளிச்சம், ஒத்துக்கொள்கிறேன்.
எனக்குக் குறைந்தது
ஐம்பத்தொன்பது பேரின் அழுக்கு.

என் உலர்த்திகள் குடிப்பது எரிவாயு.
அஸ்ரியின் லோரி வெள்ளிக்கிழமை வரும்.
நவம்பரில் ஒன்பது நாள் வெயிலே இல்லை;
லயத்துக் கொடிகளில் பூஞ்சணம் பூத்தபோது
இங்கே நீலத் தீ ஒரு கேள்வி கேட்கவில்லை.
கடலுக்கு அடியில், இருட்டில்,
எத்தனை கோடி வருஷம் கிடந்ததோ,
ஒரு ஜோடி காலுறையைக் காயவைக்க வந்திருக்கிறது.
அதை நினைத்தால்தான்
சில ராத்திரிகளில் வால்வை மூடக் கை கூசும்,
திறக்கவும்.

கியோங் வந்து ஏணி போட்டுக் கூரையை அளந்தான்.
"ஏழு வருஷத்துல போட்ட காசு திரும்பிடும், பாஸ்."
குத்தகை இன்னும் மூன்று வருஷம்தான்.
கூரை வீட்டுக்காரருடையது.
வெயில் யாருடையது என்று
தாளில் எங்கும் போடவில்லை.

போன செவ்வாய், சாயங்காலம் ஐந்து மணி.
மரமில்லாத குரங்கு ஒன்று
மின்கம்பத்தை மரமென்று நம்பிவிட்டது.
பட்டணம் முழுக்க நின்றுபோனது.
எண் நான்கில் கோமளவல்லியின் சீருடை, பாதி ஈரம்.
உருளை நிறைய வாயு இருக்கிறது,
சுழற்ற மின்சாரம் இல்லை.
வெளியே இன்னும் நல்ல வெயில்.
சாலைக்கு அப்பால் அவளுடைய வயல்
ஏரி மாதிரி மின்னுகிறது.
"அத்தனை பிடிக்கிறீங்களே, இந்தப் பக்கம் கொஞ்சம் விடச் சொல்லேன்."
"லைன் செத்தா அதுவும் படுத்துக்கும்கா.
அப்படித்தான் செஞ்சிருக்காங்க."

பின்கட்டில் பழைய டீசல் ஜெனரேட்டர்.
கயிற்றை நாலு இழுப்பு இழுத்தேன்.
கறுப்பாக ஒரு மேகம் எழுந்து கடைக்குள் வந்தது.
அழகுவேலு மூக்கைப் பொத்திக்கொண்டார்,
வாழ்நாளில் புகையையே பார்த்திராதவர்போல.
சீருடையின் முதுகில் கம்பெனி அச்சிட்ட
மஞ்சள் சூரியன்
கண்ணாடிக் கதவுக்குள் விழுந்து எழுந்து விழுந்து
டீசலில் காய்ந்தது.

நாலு வெள்ளிதான் வாங்கினேன்.
எனக்கு ஏழு ஆனது.

கியோங்கின் தாள் சில்லறை டப்பாவுக்கு அடியில் இருக்கிறது.
நேற்று பின்கட்டில் ஒரு நைலான் கயிறு கட்டினேன்,
ஆணிக்கு ஆணி பதினெட்டு அடி.
விலை இன்னும் எழுதவில்லை.
மழை இறங்கினால் ஓடிப்போய் எடுப்பது
நானா, துணிக்காரரா,
அதுவும் முடிவாகவில்லை.