பஞ்சுப் பொட்டு

இரவு எட்டரைக்கு ரெஜினாவின் போன்.
"சாப்டியா"வுக்கு முன்னால்
"செடியெல்லாம்?"

வேலூரில் மூன்று மாதப் பயிற்சி அவளுக்கு.
அருவங்காடு குவார்ட்டர்ஸில்
பதினொரு தொட்டியும் நானும்,
ஷிப்ட் சங்கு ஊதும்போது எழுந்துகொள்ளும் குளிரும்.

மெழுகுப்பூக் கொடியின் கணுவில்
வெள்ளையாய் ஏதோ, என்றேன்.
தலையணைப் பஞ்சாய் இருக்கும்.
ஊதிப் பார்த்தேன், போகவில்லை.

"டார்ச் அடி. இலையத் திருப்பு.
முதுகு வேண்டாம், வயித்தப் பாரு.
காம்பு தண்டுல சேருற இடம்."

பார்த்தேன்.
பஞ்சுக்குக் கால் இருந்தது.

"மாவுப்பூச்சி" என்றாள்,
வார்டில் காய்ச்சலுக்குப் பெயர் சொல்லும் குரலில்.
"பிசுபிசுன்னு இருக்கா? எறும்பு வருதா?"
வந்தது. ஜன்னல் சட்டத்தில் ஒரு வரிசை,
சம்பள நாள் கேன்டீன் போல.

காது குடையும் பஞ்சுக்குச்சி,
அவள் அலமாரியிலிருந்து
ஊசிக்கு முன் தடவும் ஸ்பிரிட்.
ஒவ்வொரு பொட்டாய்த் தொட்டேன்.
வெள்ளை கரைய
உள்ளிருந்த உடம்பு ஆரஞ்சாய்த் தெரிந்தது.
பதினாறு வருடம் வெடிமருந்து அள்ளிய கை
இதற்கு நடுங்கியது.

வேப்பெண்ணெய் இந்த ஊரில் ஊற்றினால் விழாது.
நெய்யாய் உறைந்து குப்பிக்குள்ளேயே இருக்கும்.
வெந்நீரில் நிறுத்தி உருக்கி
லிட்டருக்கு ஒரு ஸ்பூன்,
சோப்புக் கரைசல் நாலு சொட்டு.
அந்த வாரம் முழுக்க
என் தேநீரும் கசந்தது.

பெகோனியாவில் வேறு வியாதி.
ஹீட்டரை ஒட்டி வைத்திருந்தேன்.
இலை வெளுத்து, எங்கும் ஊசிப் புள்ளி.
வெள்ளைத் தாளை ஏந்தித் தட்டச் சொன்னாள்.
மிளகுத்தூள் விழுந்தது.
மிளகுத்தூள் நடந்தது.
"சிலந்திப்பேன். குழாய்ல காட்டிக் கழுவு.
ஹீட்டரத் தள்ளி வை.
ஒனக்குக் குளிர்னா ஸ்வெட்டர் போட்டுக்க."

பிறகு, சும்மா கேட்பதுபோல்,
"புதுச் செடி எதாவது வாங்கினியா?"

இல்லை என்றேன்.

போனுக்குள் வேலூர் மின்விசிறி சுற்றியது.

"மாவுப்பூச்சி மழையில வராது, எட்வின்.
யாராவது கூட்டிட்டு வரணும்."

ஆப்பிரிக்க வயலட்.
அவள் போன பத்தாம் நாளே போய்விட்டது.
தினமும் ஊற்றினேன், நடுத்தண்டு கூழானது.
பெட்போர்டு ஏற்றத்து நர்சரியில்
அதே ஊதா, அதே உயரம், நூற்றிருபது ரூபாய்.
பழைய தொட்டியில் நட்டு
பழைய இடத்தில் வைத்தேன்,
மற்றவற்றோடு இலை உரச.
வீடியோவில் பார்த்து
"தேறிட்டா" என்றாள் ஒரு நாள்.
புதிதாய் வருவதை இரண்டு வாரமாவது
தனியே வைக்க வேண்டுமாம்.
தனியே வைத்தால்
புதிது என்று தெரிந்துவிடாதா?

சொல்லிவிட்டேன்.
திட்டுக்காகப் போனைக் காதிலிருந்து
ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தேன்.

"முட்ட இருக்கும்" என்றாள்.
"நீ பாக்காத எடத்துல. வேர்லகூட.
ஏழு நாளைக்கு ஒருக்கா, மூணு தடவ தொடை."
"அப்புறம்?"
"அப்புறமும் பாரு."

வயலட் இப்போது சமையலறை மேடையில்,
அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில்,
தன் பெயரிலேயே இருக்கிறது.

இன்று ஞாயிறு. மூன்றாம் தடவை.
வெளியே மூடுபனி வெலிங்டன் பக்கத்தை
அழித்துவிட்டிருக்கிறது.
டார்ச் வட்டத்தில்
ஒவ்வொரு கணுவாய்
ஒன்றுமில்லை,
ஒன்றுமில்லை,
கொடியின் நுனியில் ஒரு வெள்ளை.

ஊதினேன்.
பறந்தது.

அப்போதும்
குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்தேன்.