நான்காம் கேமரா

மூன்று இரவுகள் படம்பிடித்தார்கள்.
ராணி ஒருமுறைதான் சாக வேண்டும்.

கெண்ட் நகரில், சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே
என் அறை. கடைசி டிராம்
வளைவில் கிறீச்சிடும்; எந்தச் சுருதியிலும் சேராது.
ஹெட்போனை மாட்டிக்கொள்கிறேன்.

செவ்வாய்: லீஸலோட்டின் குரலில் பிசிறில்லை.
கடைசி வரியின் கார்வை
மெழுகுபோல் தானே உருகித் தானே நின்றது.
ஆனால் கண் எங்கோ போயிருக்கிறது,
காரைப் பூட்டினோமா என்று யோசிப்பவளைப் போல.

வியாழன்: தொண்டை கட்டியிருந்தது.
மேல்ஸ்தாயியில் ஒரு கீறல். ஆனால்
விஷக் கிண்ணத்தைக் கீழே வைக்குமுன்
விளிம்பை விரலால் ஒருமுறை துடைத்தாள்,
அடுத்து யாரோ குடிக்க இருப்பது போல.
யாரும் சொல்லிக்கொடுக்காதது அது.

செவ்வாயின் குரலை வியாழனின் உதட்டில் வைத்தேன்.
வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்பார்கள்.
இங்கே துண்டு இரண்டு, மூச்சு ஒன்று.
தியோர்போவின் நீண்ட கழுத்து மட்டும்
சட்டகத்தின் ஓரத்தில் சற்றே இடம்மாறும்.
எவரும் கவனிக்க மாட்டார்கள்.
நான் கவனிப்பேன், சாகும்வரை.

சனிக்கிழமைதான் சங்கடம்.
பஞ்சும் தங்கத்தாளும் ஒட்டிய மரமேகம்
கயிறும் கப்பியுமாய் இறங்கி வரவேண்டும்;
உள்ளே தேவன், ராணியை நட்சத்திரமாக்க.
பாதி வழியில் கப்பி கடித்துக்கொண்டது.
அந்தரத்தில் தொங்கினான் தேவன்:
வானஸ், ஆறடி மூன்றங்குலம், தாடியில் பொன்தூள்,
பெண்குரலில் கருணையைப் பாடிக்கொண்டே
பாதத்தால் தரையைத் தேடுகிறான்.
ஹார்ப்சிகார்ட் அதே நான்கு அடியைச் சுற்றிச் சுற்றி வருகிறது.
பக்கத் திரைக்குள் பாவோ கயிற்றோடு மல்லாட,
காற்று எந்திரத்தையும் மீறிக் கேட்கிறது
அட்சர சுத்தமான ஒரு ஃபிளெமிஷ் வசவு.

இரண்டு கேமராக்கள் வாத்தியக்காரர்களிடம் ஓடின.
மூன்றாவது, விதானத்து ஓவியத்தில் ஒளிந்தது.
நான்காவதுக்கு ஆள் கிடையாது.
பால்கனிக் கம்பியில் கட்டிவைத்த கண்;
செத்தவளையே பார்த்துக்கொண்டிருந்தது.
நீலப் பட்டில் சிற்றலை.
தோள் குலுங்குகிறது.
இறந்துபோன ராணி
உதட்டைக் கடித்துச் சிரிக்கிறாள்.

காலையில் யோரிஸ் எட்டிப்பார்த்தார்.
"மேகம்?"
"செவ்வாயன்று ஒழுங்காக இறங்கியது."
"அப்போ அதுவே."
சரி என்றேன்.

படத்தில் தேவன் வழுவழுவென்று இறங்குகிறான்.
கை நீட்டுகிறான்.
அங்கே பதினோரு ஃபிரேம்,
அரை நொடிகூட இல்லை,
சனிக்கிழமையைச் செருகினேன்.
பட்டு அசைவதைப் பார்ப்பவர்கள்
காற்று என்று நினைத்துக்கொள்ளட்டும்.

முதல் திரையிடலன்று நல்ல மழை.
எனக்கு மூன்று வரிசை முன்னால்
ஈரக் கோட்டோடு லீஸலோட்,
பாப்கார்ன் வாங்கவில்லை, தன் சாவைப் பார்க்க வந்திருந்தாள்.
பதினோரு ஃபிரேம் கடந்தது.
அவள் தோள் ஒருமுறை குலுங்கியது.
பிறகு இருட்டில் திரும்பிப் பார்த்தாள்,
யாரைத் தேடுவதென்று தெரியாமல்.