கெதியா

பனிக்கன்குளத்துப் பண்ணையில் வாங்கிய முக்கால் கிலோ பன்றி,
கொழுப்பு ஒரு விரல் தடிப்பு.
நாருக்குக் குறுக்கே வெட்டு என்றான் வுத்தி
புனோம்பென்னிலிருந்து, தொலைபேசியில்.
முகமாலையில் இரண்டு வருடம்
எங்களுக்குக் கண்ணிவெடி எடுக்கப் பழக்கியவன்.
அவன் முதலில் படித்த தமிழ் "மெல்ல."

கரட், போஞ்சி, லீக்ஸ், அரைக் கோவா
எல்லாம் தீக்குச்சி அளவில், தனித்தனிக் கோப்பைகளில்.
சோயா சோஸ், சீனி, மிளகு, ஒரு சிமிட்டா சோளமா.
மீன் சோஸ் மாங்குளத்தில் எந்தக் கடையிலும் இல்லை.
கருவாடு ஊறிய தண்ணீர் ஒரு கரண்டி விட்டேன்.
அவனுக்குச் சொல்லவில்லை.

காஸ் நெருப்புக் காணாதாம்.
முற்றத்தில் மூன்று கல், வீரை விறகு,
அதன்மேல் அம்மாவின் சீதனத் தாச்சி.
புகை வரும்வரை பொறு,
புகையாத தாச்சியில் இறைச்சி அழும் என்றான்.
பிறகு கேட்டான்:
உடனே, விரைவாக, இப்போதே
இதற்கு உங்கள் மொழியில் என்ன?

இரண்டு வருடத்தில்
அந்தச் சொல்லை அவனுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.
வேண்டியிருக்கவில்லை.

இன்று காலை ஆறரையிலிருந்து
முழங்காலில் நான் கடந்தது ஒரு பாயின் அகலம்.
அகப்பட்டவை
இரண்டு ஆணி, ஒரு மீன் ரின் மூடி.
ஆணியென்று தெரியும்வரை
ஆணிக்கும் அதே மரியாதை,
அதே தூரிகை, அதே மூச்சு.

"கெதியா" என்றேன்.
"கெட்டியா" என்றான்.
திருத்த நேரமில்லை, தாச்சி புகைந்துவிட்டது.

எண்ணெய். உள்ளி. இறைச்சி.
கொழுப்பு படாரென்று வெடிக்க
டெறிக் இரண்டடி பின்னால் போனார்.
நான் போகவில்லை.
குனிந்து பிரட்டினேன், ஓரம் கருகக் கருக,
கரட்டைக் கொட்டு, போஞ்சியைக் கொட்டு,
வியர்வை கண்ணில், துடைக்காதே,
கோவா சுருங்க முதல் சோஸைச் சுற்றி ஊற்று, இறக்கு!
மூன்று நிமிடம்.
கைகள் நடுங்கின,
வேலையில் ஒருநாளும் நடுங்காத கைகள்.

கரட் நடுவில் பச்சையாம், மகன் முறைப்பாடு.
அது அப்படித்தான், சாப்பிடு.
டெறிக் மூன்றாம்முறை சோறு போட்டுக்கொண்டு
உப்புக் கொஞ்சம் கூட என்றார்.
(கருவாடு.)

வேலிக்கு அங்கால் தர்மினி.
பன்றி தொடமாட்டா, ஆனால் வாசம் வந்த நேரம் தொட்டு
அங்கேதான் நிற்கிறா.
"அக்கா, மரக்கறியை மட்டும் இப்பிடிச் செய்ய ஏலுமே?"
ஏலும்.
தாச்சியைச் சாம்பல் போட்டுத் தேய்க்க வேணும் முதலில்.
நீ போஞ்சியை வெட்டு,
மெல்ல.