விதைகளுக்கு அனுமதியில்லை

பாயான் லெப்பாஸில் பதினெட்டு வருடம்.
மூன்றாவது லைன், ஒன்பதாவது நாற்காலி.
நுண்நோக்கிக்குக் கீழே
பச்சைப் பலகைகள் வரும், போகும்.
ஒரு சொட்டு ஈயம் வழிந்தால்
சிவப்பு ஸ்டிக்கர், குப்பைத் தொட்டி.
பிறகு லைன் வியட்நாமுக்குப் போனது.
எங்களுக்கு ஒரு கடிதம், ஒரு காசோலை,
கம்பெனி பெயர் போட்ட ஒரு குடை.

பற்றவைக்கும் கோலை
நானாகக் கொண்டுவந்துவிட்டேன்.
திருட்டு என்றால் திருட்டுத்தான்.

பின்பக்கக் கம்பத்து ரொஹானா
வேலியில் பறிக்க மறந்த சுரைக்காய்
மழையிலும் வெயிலிலும் தானே காய்ந்து
தேமல் படர்ந்து
கழுத்தொடிந்த வாத்துபோலத் தொங்கியது.
“எடுத்துக்கோ குமுதா, இனிக் கறிக்கு ஆகாது.”
கறிக்கு உதவாத சுரைக்காய்
ஏட்டில்தான் இருக்கும் என்று
பள்ளியில் படித்திருக்கிறேன்.
இது என் கையில் இருந்தது,
கனமே இல்லாமல்.

முதல் கோட்டுக்கே புகை.
ரோசின் நெடி இல்லை;
அடுப்பில் சிந்திய அரிசி கருகும் வாசனை.
கை நடுங்கி ஒரு கோடு தப்பியது.
பழக்கத்தில்
சிவப்பு ஸ்டிக்கரைத் தேடினேன்.
கோடு அங்கேயே இருந்தது, கறுப்பாக.
அதற்கு ஓர் இலை வைத்தேன்.
போதவில்லை. இன்னொன்று.
விடிந்தபோது
பாதிக் காய் காடாகியிருந்தது.

லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில்
ஒற்றைச் செருப்பு. இடதுகால்.
எந்த வீட்டு நோன்யாவோ
கண்விழித்துக் கோத்த ரோஜாவும் கிளியும்.
“ஜோடி எங்கே?”
விற்றவன் தோளைக் குலுக்கினான்.
பதினைந்து ரிங்கிட்.

விளக்கடியில் பிரித்தேன், முதலில் கிளியின் வால்.
பெயர் தெரியாதவளே,
உன் முடிச்சுகள் என் ஊசியைவிடப் பிடிவாதம்.
இரண்டு இரவு தொடாமல் வைத்திருந்தேன்.
மூன்றாம் இரவு
கிளியின் கண்ணைத் தவிர
எல்லாம் கிண்ணத்தில்.

நுண்நோக்கி என் பார்வையில்
மிச்சம் வைத்தது கொஞ்சம்தான்.
விரல்நுனிதான் மணியின் துளையைத் தேடியது.
கழுத்தைச் சுற்றி ஏழு வரிசை,
நாலாவதில் ஒரு நிறம் மாறிப்போய்.

ஆர்மீனியன் தெருவில், ஞாயிற்றுக்கிழமை மேசையில்
பெர்த்திலிருந்து வந்தவள்
அதைக் காதருகே வைத்துக் குலுக்கினாள்.
“உள்ளே என்ன?”
விதை என்றேன்.
“எங்கள் ஊர் விமான நிலையத்தில் விதையை விடமாட்டார்கள்.
எடுத்துவிட முடியுமா? நாளை வருகிறேன்.
ஆனால் இந்தச் சத்தம்தான் பிடித்திருந்தது.”

அடியில் துளையிட்டேன்.
பால்பற்கள்போல விழுந்தன,
நாற்பத்தொன்று.
காய் ஊமையாகிவிட்டது.
துளையை அடைக்குமுன்
மிஞ்சிய மணிகளில் ஒரு சிட்டிகை உள்ளே போட்டேன்.
ரோஜாவின் சிவப்பாக இருக்கலாம்.
பார்க்கவில்லை, கைக்கு வந்தது.
குலுக்கினால்
தூரத்துத் தகரக்கூரையில் தூறல்.
அவளிடம் சொல்லவில்லை.

விதைகள் மைலோ டின்னில் இருக்கின்றன.
எனக்குப் பதினோராம் மாடி, மண் கிடையாது.
ரொஹானாவின் வேலியில்
இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.
வெளியே நல்ல மழை.
கம்பெனிக் குடையை விரித்துக்கொண்டு
இறங்குகிறேன்,
டின் சட்டைக்குள் குலுங்க.