காரணம் என்ற கட்டம்

சத்துவாச்சாரி மாடி அறையில்
மே மாதத்தை வெளியே நிறுத்த முடியாது.
தண்ணீர்க் குடத்துக்கும் சுவருக்கும் நடுவே
நாண் கழற்றிப் படுக்கவைத்திருக்கிறேன்
குறுக்குவில்லை.
துறையின் சொத்து, பட்டியலில் நாற்பத்தொன்று.
ஜீப்பில் பூட்டிவைத்தால் பகல் பன்னிரண்டுக்குள்
கைகள் இரண்டும் ஏடு ஏடாக உரியும் என்று
பாக்கியதாஸ் சார் சொன்னதில்
பாதி மிரட்டல், பாதி வேலூர்.

நாளை பீஞ்சமந்தை.
எழுபதடி வேங்கை. பூவெல்லாம் உச்சியில்.
அம்பின் வாலில் மீன்பிடி நரம்பு,
நரம்பின் வாலில் கயிறு,
கயிற்றின் வாலில் பூச்சிப்பொறி.
ஒரு கிளையைத் தாண்டினால் போதும் இந்த வில்லுக்கு.
ஒடுகத்தூர் செக்போஸ்டில் மட்டும்
ஒவ்வொரு முறையும் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்து
'மானா, பன்னியா?' என்பார்கள்.

முதலில் உதவி நாண். நீளம், தொளதொள.
நுனிகளின் வெளிக்காடியில் மாட்டி
கால்வளையத்தில் ஷூவை ஊன்றி
இழுகயிற்றின் இரண்டு பிடியையும் ஒரே மூச்சில்
டக்.
கொக்கி விழுங்கிக்கொண்டது.
முன்னோக்கிச் சுருண்டிருந்த நுனிகள்
இப்போது என்னைப் பார்க்கின்றன.
தூங்கும் குழந்தைக்குச் செயின் மாட்டுகிற விரல்களோடு
நிஜ நாணை உள்காடியில் வைக்கிறேன்.
பிறகு இறக்கவேண்டும், அங்குலம் அங்குலமாக.
ஏற்றப் பலம் போதும்.
இறக்கும்போதுதான் வியர்க்கும்.

நாணுக்கு மெழுகு, கட்டைவிரல் சுடும்வரை.
நடுவே நூல் சுற்றிய இடத்துக்கு மெழுகு ஆகாது.
அம்பு ஓடும் பள்ளத்துக்கு எண்ணெய்,
ஒரு சொட்டு. இரண்டு விட்டால் தூசி குடியேறும்.

கடைசியில் பஞ்சு.
முதலில் செய்யவேண்டியது அது.
கடைசிக்குத் தள்ளியவள் நான்.

இடது கையில் வழுக்கிக்கொண்டு போனது.
வலது கையில், நுனியிலிருந்து நாலு விரல்,
ஒரு இழை நின்றுவிட்டது.
கண்ணுக்கு ஒன்றுமில்லை. பஞ்சுக்குத் தெரிகிறது.

புதன் இரவு. விசையைச் சோதிக்க
நாணை இழுத்து மாட்டியிருந்தேன்.
போன் ஸ்பீக்கரில் அண்ணன்:
'ஒரே ஒரு கையெழுத்து. விடுதலைப் பத்திரம்தானே.
காட்பாடி ரிஜிஸ்டர் ஆபீஸ்.
சனிக்கிழமை பத்தரைக்கு வந்தா போதும்.
உனக்கு எதுக்கு அந்த வீடு?'
கேள்விக்குறி விழுந்த இடத்தில்
என் விரல் இருந்தது.

அம்பு இல்லை.
சுமந்துபோக எதுவும் இல்லாததால்
அத்தனை வலுவும்
வில்லுக்குள்ளேயே திரும்பிவந்தது.
கீழ்வீட்டு லூர்து டீச்சர் கேட்டார்,
'என்னம்மா விழுந்துச்சு?'
டம்ளர் என்றேன்.

இன்று சனி. ஐந்தரைக்கே ஹாரன்.
'ஒரே ஒரு தடவ தாங்காதா மேடம்?'
இனாயத் பாய்க்கு டீசல் நிரப்பிய வருத்தம்.
ஒரே ஒரு தடவைதான், பாய்.
அது ஆகிவிட்டது.
மலையிலிருந்து தீர்த்தகிரி போன்:
'நான் ஏறிடறேன். பூ அடுத்த வாரம் நிக்காது.'
நிற்காதுதான்.
போன வருடம் அவர் கணுக்காலுக்குப் போட்ட ஸ்க்ரூ
இன்னும் என் பெயரில் பில்லாக இருக்கிறது.
வேண்டாம் என்றேன்.

பழுதுப் பதிவேடு.
பொருள்: குறுக்குவில். இடம்: வலது கை.
காரணம் என்ற கட்டம்
தபால்தலை அளவு.
வெயில் என்று எழுதலாம்.
இந்த ஊரில் அதை யாரும் மறுத்ததில்லை.

'அம்பின்றி விசை அழுத்தப்பட்டது'
என்று எழுதினேன், கட்டம் போதாமல்
வரி அடுத்த கட்டத்துக்குள் போயிற்று.
அழுத்தியவர்: கையெழுத்து.
பேனா தடங்கலில்லாமல் எழுதியது.

பத்தரைக்குப் போன் அடித்தது.
உதவி நாணை மறுபடி மாட்டி,
கடைசியாக ஒருமுறை கால்வாசி மட்டும் வளைத்து
நிஜ நாணைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
இரண்டு கைகளும் வேலையில் இருந்தன.
அடித்து, நின்று, மறுபடி அடித்தது.